கிட்டார் பிரசன்னாவும் எங்கள் வீட்டுப் பரணும்



மழைக்காலம் வருவதற்குள் ஓடு மாற்றிவிடலாம் என்று சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டி, என் பணிக்காலத்து டைரிகள் எல்லாம் இறங்கிய பிறகு, கடைசியில் ஒரு பழைய போர்வையில் சுற்றிய கிட்டார் வந்தது. என் மனைவி அதைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, இதை மேல ஏத்தினது நீங்கதானே?" என்றாள். ஆமாம், நான்தான். 1993-ஆம் வருடம், என் மகன் பிளஸ் டூ படித்தபோது.

அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். வழக்கமாக சமஸ்தானம், கல்வெட்டு, கோயில் என்று எழுதுகிறவன் இந்தத் தடவை மின்சாரக் கிட்டார் வாசிக்கும் ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன். "இவனுக்கு என்ன ஆயிற்று?" என்று எண்ண வேண்டாம். கடைசியில் நம் ஊருக்கே வந்து சேருவேன்.

முதலில் உச்சரிப்பு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் இந்த வாத்தியத்தின் பெயர் கித்தார். தகரம் மெத்தென்று வரும். தந்தையார் காலமான பிறகு அம்மாவின் ஊரான புதுக்கோட்டைக்கு வந்து, தனித்தேர்வராக மறுபடி எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, 1974-இல் மாவட்டம் பிறந்த அதே வருடம் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அலுவலகத்தில் ஒருநாள் "கித்தார்" என்று சொன்னதற்கு நண்பர்கள் ஒரு மாதம் சிரித்தார்கள். அன்றிலிருந்து கிட்டார் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

ராக் இசை என்றால் முடியை வளர்த்துக்கொண்டு மேடையில் கத்துவது என்றுதான் நம் தலைமுறையில் பலர் நினைத்தோம். அதில் வாய்ப்பாட்டே இல்லாத ஒரு கிளை உண்டு. சொல் கிடையாது, பாடகர் கிடையாது, கிட்டார்தான் பாடும். நான் அதை முதலில் கேட்டது புதுச்சேரியில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, பக்கத்து வீட்டு ரேடியோவில். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் 'அப்பாச்சி' என்ற இசைத்துண்டு வரும். இங்கிலாந்தின் 'ஷேடோஸ்' குழு 1960-இல் வெளியிட்டது. வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் அந்த நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதில் கிட்டார் வாசித்த ஹாங்க் மார்வினுக்கு அப்போது வயது 18. அந்தக் குழுவைப் பின்னணியாக வைத்துப் பாடி வந்த கிளிஃப் ரிச்சர்ட் நம் லக்னோவில் பிறந்தவர் என்பது உபரித் தகவல்.

அடுத்த தலைமுறையில் அமெரிக்காவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வந்தார். 1942-இல் சியாட்டிலில் பிறந்த கறுப்பினத்தவர். இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்குச் செய்த கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். பாடவும் செய்வார். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் கிட்டாரைத்தான். 1969-இல் உட்ஸ்டாக் விழாவில் அமெரிக்கத் தேசிய கீதத்தை வெறும் கிட்டாரில் வாசித்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கீதத்தின் நடுவே விமானமும் குண்டும் விழுவது போன்ற ஒலிகளை அந்தக் கிட்டாரிலேயே எழுப்பினார். 1970 செப்டம்பரில் 27 வயதிலேயே இறந்துபோனார்.

நம் பக்கம் கிட்டார் சினிமா வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டாரை மறந்தவர் யார்? 1982-இல் வந்த பாட்டு. இசை இளையராஜா, அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். பாடியவரையும் எழுதியவரையும் நாம் அறிவோம். வாசித்தவர் பெயர் எனக்கே மிகவும் தாமதமாகத்தான் தெரியவந்தது. வாத்தியக்காரர்களுக்கு நம் நாட்டில் அவ்வளவுதான் இடம்.

இந்தப் பின்னணியில்தான் பிரசன்னாவைப் பார்க்க வேண்டும். ராணிப்பேட்டையில் பிறந்தவர். எல்லாப் பையன்களையும் போல சினிமாப் பாட்டும் ராக்குமாகக் கிட்டாரைத் தொடங்கியவர். அதோடு நிற்காமல் கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்றார். திருவாரூர் பாலசுப்ரமணியம், வயலின் மேதை ஏ. கன்யாகுமரி இருவரும் அவருடைய குருமார்கள். மாண்டலினுக்கும் சாக்ஸபோனுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பழகியவர் கன்யாகுமரி அம்மையார். புது வாத்தியத்தைக் கண்டு முகம் சுளிக்காத குரு கிடைப்பது பாதி அதிர்ஷ்டம்.

படிப்பு? சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல். இந்த வரியை நான் முதன்முதலாகப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். ஐ.ஐ.டி. மாணவர்களின் கலைவிழாவுக்கு அந்நாளில் 'மார்டி க்ரா' என்று பெயர். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கேட்டிருந்தால் 'மார்தி க்ரா' என்று திருத்தியிருப்பார். தவக்காலத்துக்கு முந்தைய கொழுத்த செவ்வாய்க்கிழமை என்று பொருள். இப்போது அதற்கு 'சாரங்' என்று நல்ல பெயர். ஊரெங்கும் உள்ள கல்லூரி ராக் குழுக்கள் போட்டியிட வந்த வளாகம் அது. படிப்பில் முதல் வரிசைப் பிள்ளைகள் மாலையில் கிட்டாரும் டிரம்முமாக இருந்த இடம்.

பொறியியல் பட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பெர்க்லீ இசைக் கல்லூரியில் சேர்ந்து மேற்கத்திய இசையைப் பயின்று, உயர்ந்த தகுதியுடன் தேறினார். ஜாஸ், ராக், மேற்கத்திய செவ்வியல், கர்நாடகம் நான்கும் ஒரே ஆளின் விரலில் சேர்ந்தன.

இனி, கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதில் என்ன கஷ்டம் என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய சாதனை புரியாது.

நம் இசைக்கு உயிர் கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்தால் அங்கே தோடி இருக்காது. வீணையில் 24 மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கும். ஒரு மெட்டில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்தடுத்த சுரங்கள் ஒரே ஓட்டமாக வரும். கிட்டாரின் மெட்டுகளோ தாழ்ந்தவை. அந்த வாத்தியம் சுரங்களைத் தனித்தனிப் படிகளாகத் தருவதற்கென்றே செய்தது. போதாததற்கு மீட்டிய ஒலி விரைவில் மங்கிவிடும். சாதாரண மரக் கிட்டாரில் ஒரு சுரத்தை மீட்டி, அதை அசைத்து முடிப்பதற்குள் ஒலி தேய்ந்துபோகும்.

இங்கேதான் மின்சாரம் உதவிக்கு வருகிறது. மின்சாரக் கிட்டாரின் இரும்புக் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய செம்புச் சுருளும் இருக்கும். கம்பி அதிர்ந்தால் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கும். கம்பிகள் மெல்லியவை, ஆகையால் விரலால் நன்றாக இழுக்கலாம். ஒலிபெருக்கியை அதன் வரம்புக்கு மேலே தள்ளினால் ஒலி கரகரவென்று தடித்து, மங்காமல் நீண்டு நிற்கும். ராக் கலைஞர்கள் விரும்பிச் செய்வது இதைத்தான். நாம் "காதைக் கிழிக்கிறது" என்று சொன்னதும் இதைத்தான்.

ஆக, ஒரு மூச்சில் பாடகர் சுரத்தை நீட்டுவது போல கிட்டாரும் நீட்ட முடிந்ததற்குக் காரணம் அந்த இரைச்சல்தான். இரைச்சல் என்று நாம் ஒதுக்கியது கமகத்துக்கு மூச்சாக இருந்திருக்கிறது. இது எனக்குப் புரிய அறுபது வயதை நெருங்க வேண்டியிருந்தது.

கம்பியை இழுப்பதும் ராக்காரர்களுக்குப் புதிதில்லை. அமெரிக்காவின் தெற்குப் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் 'ப்ளூஸ்' பாட்டில், இரண்டு சுரங்களுக்கு நடுவே குழைந்து நிற்கும் சுரங்கள் உண்டு. கிட்டாரில் அதைக் கொண்டுவரக் கம்பியை இழுத்தார்கள். ஹெண்ட்ரிக்ஸ் அந்த மரபில் வந்தவர். மெட்டின் மேல் கம்பியை இழுத்தால் சுரம் மேலேதான் போகும், கீழே இறங்காது. மேலிருந்து இறங்கும் கமகம் வேண்டுமென்றால் கம்பியை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டு, மீட்டி, மெல்லத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் விரலைக் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். எவ்வளவு இழுத்தால் எந்தச் சுரம் என்பது விரலுக்கே தெரிந்திருக்க வேண்டும். வீணை வித்வானின் சாதகமும் இதுதான், ராக் கிட்டார்க்காரரின் சாதகமும் இதுதான். இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் வரும்வரை இந்த உறவு நம் கண்ணில் படவில்லை.

பிரசன்னாதான் முதல்வர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு முன்பே சென்னையில் சுகுமார் பிரசாத் மின்சாரக் கிட்டாரில் கர்நாடக இசை வாசித்தார். அவர் போட்ட பாதை அது. அதற்கும் முன்னால் போனால், வயலினே நமக்கு வெள்ளைக்காரன் வாத்தியம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? நம் திருச்சியில் ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைக் கோயில் வாசிப்புக்குச் சமமாக நிறுத்தினார். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை வளைத்தார். பாலகொல்லில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினைச் சிறுவனாகவே மேடையேற்றினார். 2014-இல் 45 வயதில் அவர் மறைந்தபோது என் வீட்டிலேயே யாரோ போனது போல இருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கஞ்சிராவை எடுத்துக்கொள்ளுங்கள். பஜனை மடத்தில் தட்டிக்கொண்டிருந்த சிறிய பறை அது. அதைச் செம்மை செய்து, கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தவர் புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளை. பெரிய வித்வத் குடும்பத்தில் பிறந்தவரல்லர். அரண்மனையில் விளக்கு ஏந்தும் வேலையில் இருந்தவர் என்பார்கள். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடிகட்டினார். தாளக் கணக்கில் புதுக்கோட்டை வழி என்று தனியாகச் சொல்லும் மரியாதை அவர்களால் வந்தது. ஒரு விளக்குக்காரர் உடும்புத் தோல் போர்த்த வளையத்தைத் தூக்கிக்கொண்டு வித்வான்கள் முன் போய் நின்றபோது எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்? இன்று நாம் அவரைப் பெருமையாகச் சொல்கிறோம்.

அந்தக் கஞ்சிராவும் கிட்டாரும் பிறகு ஒரே மேடையில் சந்தித்தன. ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேயர், 1970-களின் தொடக்கத்தில் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற பெயரில் வாய்ப்பாட்டில்லாத மின்சார இசையால் உலகைக் கலக்கியவர். அமெரிக்காவில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். பிறகு விக்கு விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவைத் தொடங்கினார். பின்னாளில் அந்தக் குழுவில் கஞ்சிரா வாசித்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். 2024-இல் 'சக்தி'க்கு கிராமி விருது கிடைத்தது. செய்தியைப் படித்தபோது மாமூண்டியா பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இன்னும் பின்னால் போகலாம். நம் குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கிற இசைக் கல்வெட்டு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏழு பகுதிகளாக, ஏழு பண்வகைகளுக்கு, சுர எழுத்துகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்ற கருத்தும் உண்டு, அதை மறுப்பவர்களும் உண்டு. திருமயத்திலும் மலையக்கோயிலிலும் 'பரிவாதினி' என்ற சொல்லைப் பாறையில் பார்க்கலாம். அது ஏழு நரம்பு வீணையின் பெயர். யாரோ ஒருவர், கம்பியை இழுத்து வாசிக்கிறவர்களுக்காக, அழியாத இடத்தில் பாடம் எழுதி வைத்திருக்கிறார். அந்த வாத்தியம் இன்று இல்லை, எழுத்து இருக்கிறது. வாத்தியங்கள் வரும், போகும் என்பதை அந்தப் பாறை முன் நின்றால் எளிதாக ஒப்புக்கொள்ள முடிகிறது. வீட்டுக்குள் ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

பிரசன்னாவுக்குத் திரும்புகிறேன். கீர்த்தனைகளை வாசித்துப் பெயர் பெற்ற பிறகு, 2006-இல் அவர் ஒரு காரியம் செய்தார். 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஹெண்ட்ரிக்ஸ் 1968-இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' என்ற பெயரைப் பிள்ளையார் பெயராக மாற்றிய குறும்பு. ஹெண்ட்ரிக்ஸுக்கு அவர் செலுத்திய காணிக்கை அது. கீர்த்தனை வாசிப்பது அல்ல, முழுக்க ராக். ஆனால் நம் தென்னிந்தியத் தாள வாத்தியங்களோடு. ஒரு உருப்படியின் பெயரில் திருவல்லிக்கேணி வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2009 பிப்ரவரியில் ஏ.ஆர். ரகுமான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய இரவை எல்லோரும் கொண்டாடினோம். அதே இரவில் 'ஸ்மைல் பிங்கி' என்ற குறும் ஆவணப்படமும் ஆஸ்கர் பெற்றது. உதட்டுப் பிளவோடு பிறந்த உத்தரப் பிரதேசத்துச் சிறுமி ஒருத்தியின் கதை. இயக்கியவர் மேகன் மைலன் என்ற அமெரிக்கப் பெண்மணி. அந்தப் படத்துக்கு இசை அமைத்தவர் பிரசன்னா. தமிழ்ப் பத்திரிகைகளில் அது பெட்டிச் செய்தியாகக்கூட என் கண்ணில் படவில்லை. 2010-இல் செய்யூர்ப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'சுவர்ணபூமி இசைக் கல்லூரி' தொடங்கியபோது அதன் தலைவராக இருந்து, ஜாஸும் ராக்கும் கர்நாடகமும் ஒரே வளாகத்தில் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 2011-இல் அமெரிக்கத் தமிழரான பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா நிதின் மித்தா இருவரோடும் சேர்ந்து 'தீர்த்தா' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். நமக்குத் தெரியாமலேயே நம் மண்ணின் பிள்ளை ஒருவர் இவ்வளவும் செய்திருக்கிறார்.

இப்போது பரண் கதை.

என் மகன் பள்ளியில் நன்றாகப் படிக்கிறவன். பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், தாத்தா பாட்டி கொடுத்த பொங்கல் காசையெல்லாம் சேர்த்து, திருச்சியில் யாரோ விற்ற பழைய கிட்டார் ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கி வந்தான். மின்சாரக் கிட்டார் இல்லை, சாதாரண மரக் கிட்டார். மொட்டை மாடியில் உட்கார்ந்து தானாகவே பழகினான். ஒருநாள் 'அப்பாச்சி' மாதிரி ஏதோ கேட்டது. எங்கே கேட்டான் என்று தெரியவில்லை. நான் நின்று கேட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவனிடம் சொல்லவில்லை.

பிளஸ் டூ வந்தது. முதல் இடைத்தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. குமாஸ்தா சம்பளக்காரனின் பயம் வேறு யாருக்கும் புரியாது. நிலம் கிடையாது, வியாபாரம் கிடையாது. பிள்ளையின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் சொத்து. என் தந்தை போன பிறகு பிரெஞ்சுப் படிப்பை வைத்துக்கொண்டு வேலை கிடைக்காமல் அலைந்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை. அன்று மாலை அவன் மாடியிலிருந்து இறங்கியதும், "இந்த வீட்டில் சத்தம் வேண்டாம்டா. படிப்பு வேணுமா, இது வேணுமா?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் அதைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். தேர்வு முடிந்ததும் தருவதாகச் சொன்னேன். தேர்வு முடிந்தது, பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவன் கேட்கவில்லை. நானும் இறக்கவில்லை.

2007-இல் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவன் ஒரு சிடியை மேசையில் வைத்தான். 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'. "நேரம் இருந்தா கேளுங்கப்பா" என்றான், அவ்வளவுதான். அவன் ஊருக்குப் போன பிறகு போட்டேன். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். தலைவலி.

மறு வருடம் ஓய்வு பெற்றேன். காலையில் செய்வதற்கு வேலை இல்லை. மறுபடி போட்டேன். இந்த முறை கிட்டாரைக் கேட்காமல் தாளத்தைக் கேட்டேன். புதுக்கோட்டையில் முப்பது வருடம் மேளமும் கச்சேரியும் கேட்ட கை சும்மா இருக்குமா? தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. நடுவில் விட்டுவிட்டது. திரும்பப் போட்டு எண்ணினேன். கணக்கு எங்கோ சுற்றிக்கொண்டு போய்ச் சமத்தில் வந்து விழுந்தபோது என்னையறியாமல் "பலே" என்றேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். சத்தம் என்று நான் நினைத்ததற்குள்ளே ஒரு கோர்வை இருந்தது. அதன் பிறகுதான் இந்த மனிதர் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஐ.ஐ.டி. என்ற வரியில் கண்ணாடியைத் துடைத்தது அப்போதுதான்.

படிப்பு வேணுமா, இது வேணுமா என்று நான் கேட்ட கேள்வியே தவறானது என்று அந்த வரி சொன்னது. இரண்டையும் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார், அதுவும் என் மகன் படித்த காலத்துக்குச் சற்று முன்பு. எல்லாப் பிள்ளைகளும் பிரசன்னா ஆக முடியாது என்பது எனக்குத் தெரியும். என் மகனும் ஆகியிருப்பான் என்று சொல்லவில்லை. நல்ல வேலையில் இருக்கிறான், குறையில்லை. ஆனால் சாயங்காலம் ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் வாசித்துக்கொண்டிருந்தால் அந்த வேலை போயிருக்காது. இதை அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் பல வருடங்கள் ஆயின.

பரணிலிருந்து இறங்கிய கிட்டாரைத் திருச்சிக்குக் கொண்டுபோய் ஒரு வாத்தியக் கடையில் காட்டினேன். சின்னப் பையன்தான் பழுது பார்ப்பவன். கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். கம்பியெல்லாம் துரு.

"கம்பியைத் தளர்த்தாமயே வச்சுட்டீங்களா சார்?"

"ஏன் தம்பி, தளர்த்தணுமா?"

"இத்தனை வருஷமா இழுத்துக்கிட்டே இருந்திருக்கு சார். அதான் கழுத்து வளைஞ்சிருக்கு. உள்ள ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அதைத் திருகினா கொஞ்சம் நிமிரும். முழுசா நிமிராது. வாசிக்கலாம்."

"வாசிக்கிற அளவுக்கு வந்தால் போதும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு மகனுக்குப் போன் செய்து கிட்டாரை இறக்கியதைச் சொன்னேன். அன்று நான் செய்தது சரியில்லை என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, "மூணாவது கம்பி அப்பவே அறுந்திருந்துச்சேப்பா. புதுசு போடச் சொன்னீங்களா?" என்று கேட்டான்.

ஆறு கம்பியும் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளோடு வருகிறான். குடுமியான்மலைக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருந்தால் இறக்கிப் பாருங்கள். வாத்தியமாக இருந்தால் முதலில் கம்பியைத் தளர்த்திவிடுங்கள்.

அடுத்த முறை, திருக்கோகர்ணத்தைப் பற்றி எழுதுவதாகச் சொன்னதை எழுதுகிறேன். வணக்கம்.